சாட்சி வெளியே இருக்கட்டும்

மாவட்டச் சிறை, லாக்ரோ, லூசியானா
1986 அக்டோபர் 20

ஒவீட் அண்ணனுக்கு,

உன் தம்பி கிளோவிஸ் எழுதுவது. அம்மாவை அடக்கம் செய்த நாளிலிருந்து உன்னோடு நான் பேசியதெல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று போட்ட கூச்சல்தான். இந்தக் கடிதத்தை லூசில்தான் தன் கடையில் வைத்து உனக்குப் படித்துக் காட்டப்போகிறாள். கடைக்கு வந்தவர்களும் காது கொடுப்பார்கள். கொடுக்கட்டும். இங்கே காவலர்கள் படித்துவிட்டுத்தான் தபாலில் போடுகிறார்கள். அரசு வக்கீலுக்கும் ஒரு பிரதி போகிறதாம்.

இறால் வியாபாரி ஹார்ப்பரின் ஐஸ் கொட்டகையை நான் கொளுத்திவிட்டேன் என்று பிடித்து வைத்திருக்கிறார்கள். அவன் என் சேற்றிறால் மூட்டையை, "பாதி செத்துக் கிடக்கு, எடுத்துட்டுப் போடா" என்று ரோட்டில் வீசியதும், "இந்தக் கொட்டகை ஒருநாள் எரியும், நான் பாப்பேன்" என்று எல்லார் முன்னாலும் நான் கத்தியதும் நீ கேள்விப்பட்டிருப்பாய். நாலே நாளில் எரிந்தது. நானும் போய்ப் பார்த்தேன். அங்கே என்னைப் பார்த்தவர்கள் நிறையப் பேர். வேறு என்ன வேண்டும் அவர்களுக்கு?

ஆனால் புகை கிளம்பியபோது நான் எங்கே நின்றேன் என்பது உனக்குத் தெரியும். உன் வேலியோரம் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் அந்தப் புகையைப் பார்த்தோம்.

பெருங்குற்றம் என்று போட்டிருக்கிறார்கள். நிரூபணமானால் வருடக்கணக்கில் போய்விடும். ஜாமீன் கட்ட வழியில்லை. "குற்றவாளியா, இல்லையா?" என்று நீதிபதி கேட்டார், "இல்லை" என்றேன், அடுத்த தேதி கொடுத்தார். அவ்வளவுதான் நடந்தது. முழுதாக ஒரு இருமல் இருமக்கூட நேரம் இல்லை.

உதவி என்று கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி வந்து சொல்வாயா, மாட்டாயா? ஒரு வார்த்தை எழுது. இங்கே நடக்க இடமில்லை, அதனால் கட்டிலில் உட்கார்ந்தபடியே கால் ஆடிக்கொண்டிருக்கிறது.

கிளோவிஸ்


பாயு ஓடைக் கரை
நவம்பர் 3

கிளோவிஸுக்கு,

நான் சொல்லச் சொல்ல லூசில் எழுதுகிறாள். "அன்புள்ள என்று ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஞாபகம் இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறாயா? எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் காகிதத்தில் வைத்துவிட்டு மறந்துபோவார்கள். எனக்கு வைக்க வேறு இடம் இல்லை. செப்டம்பர் மாதம், செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் மழை. உன் இடது பூட்ஸில் சைக்கிள் ட்யூப் வெட்டி ஒட்டியிருந்தாய், அது பாதி பிய்ந்து தொங்கியது. என் குளத்திலிருந்து உன் வயலுக்குப் போகிற குழாயை நான் அடைத்துவிட்டேன் என்று வந்தாய். என்னை "கிழட்டு ஆமை" என்றாய். லூசில் இதை எழுதத் தயங்குகிறாள். எழுது லூசில், அவன் சொன்னதுதானே. நான் உன்னை என்ன சொன்னேன் என்பதையும் கோர்ட்டில் சொல்வேன், இங்கே பெண்பிள்ளை எழுதுகிறாள்.

கோயில் மணி ஆறடித்து ஓய்ந்தது, அப்புறம்தான் புகை. மிச்சத்தை ஜூரி முன்னால் சொல்லிக்கொள்கிறேன். அரசு வக்கீலுக்கு ஓசியில் கொடுப்பானேன்?

வருவேன். உனக்காக இல்லை. நடந்தது அது, அதனால். குழாயை அடைத்தது சரிதான், அதில் மாற்றமில்லை.

அனைத்துப் புனிதர் நாளுக்கு அப்பா அம்மா கல்லறைக்கு நான் மட்டும் சுண்ணாம்பு அடித்தேன். உன் பக்கத்துப் பாதியை விட்டுவிடலாம் என்று பார்த்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, அடித்துவிட்டேன்.

ஒவீட் தெரியோ, கையெழுத்துக்குப் பதில் அவன் போட்ட கீறல்


மாவட்டச் சிறை
1987 பிப்ரவரி 16

அண்ணனுக்கு,

இரண்டு தடவை கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார்கள். முதல் தடவை, தீயணைப்பு ஆய்வாளரின் அறிக்கை வரவில்லை, அடுத்த தேதி. இரண்டாம் தடவை, எனக்குக் கொடுத்த வக்கீல் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான், அடுத்த தேதி. காலில் சங்கிலியோடு விடிந்ததிலிருந்து காத்திருந்து, என் பேர் கூப்பிட்டதும் எழுந்து நிற்பதற்குள் "அடுத்தது" என்கிறார்கள்.

இப்போது மிஸ் ஹேவுட் என்று ஒரு பெண் வக்கீல். வழக்குக் கட்டுகளைத் துணி துவைக்கிற கூடையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அவள்தான் விளங்குகிற மாதிரி சொன்னாள். இந்த நீதிபதிக்கு மூன்று மாவட்டம். நம் ஊரில் ஜூரி வைத்துப் பெருங்குற்றம் விசாரிப்பது மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டே வாரம். அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு பட்டியல் போடுவார்கள், பழைய வழக்கு முதலில். நான் ஆறாவது.

மார்ச் ஒன்பது, திங்கள் காலை பட்டியலை வாசிப்பார்கள். ஒவ்வொரு வக்கீலும் எழுந்து "தயார்" என்றோ "தயாரில்லை" என்றோ சொல்ல வேண்டும். சாட்சி கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் தயாரில்லை. தயாரில்லை என்றால் ஜூன். அதனால் அந்த இரண்டு வாரமும் கூப்பிட்ட குரலுக்கு நீ வர வேண்டும். உன்னிடம் போன் இல்லை, லூசில் கடை நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

ஆறாவதுதானே என்று இருந்துவிடாதே. முன்னால் இருப்பவர்கள் எப்போது கழன்றுகொள்வார்கள் என்று யாருக்கும் தெரியாதாம்.

கிளோவிஸ்


பாயு ஓடைக் கரை
மார்ச் 13

கிளோவிஸுக்கு,

நீ என்னைத் திட்டுவதற்கு முன் நான் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை விடிவதற்குள் போய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூட்ஸ், ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. உள்ளே நுழையப் போனால் வாசலில் காவலர் கையை நீட்டி, "சாட்சி வெளிய இருக்கணும் பெரியவரே, மத்தவங்க சொல்றத நீங்க கேக்கக் கூடாது" என்றார். சரி என்று வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மத்தியானம் அவரே வந்து, "ஆறாம் நம்பரா? வெள்ளிக்கிழமைக்கு முன்ன வராது. வீட்டுக்குப் போங்க" என்றார். சீருடை போட்டவர் சொன்னால் நம்பாமல் என்ன செய்ய?

மார்ச் மாதம். குளம் முழுக்க இறால் கூடு போட்டிருக்கிறது. ஒருநாள் எடுக்காமல் விட்டால் உள்ளே இருக்கிற இறால் ஒன்றையொன்று தின்று நாறிவிடும், உனக்குத் தெரியாததா? செவ்வாய்க்கிழமை படகை எடுத்துக்கொண்டு போனேன். மோட்டார் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கடைக்குப் போன் வந்து, லூசில் புருஷன் கஸ்தோன் கரையில் வண்டியை நிறுத்தி ஹாரனை அமுக்கி அமுக்கி பேட்டரியே தீர்ந்துபோனது. நான் கரைக்கு வந்தபோது நடுமத்தியானம் தாண்டிவிட்டது. "ஓய், உம்ம தம்பி கேஸை ஜூனுக்குத் தள்ளிட்டாங்கய்யா!" என்று அவன் கத்தியது மட்டும் நன்றாகக் கேட்டது.

உனக்கு முன்னால் இருந்த ஐந்து பேரும் ஒரே காலையில் ஒப்புக்கொண்டார்களாமே! வருடக்கணக்காக இல்லை இல்லை என்றவர்கள். ஜூரிக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் ஒருவன் தலை குனிந்தான், அவனைப் பார்த்து அடுத்தவன். ஐந்து பேருமா செய்திருப்பார்கள்? செய்யாதவன் ஏன் செய்தேன் என்கிறான்? யோசித்து யோசித்து எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

இனி ஜூனில் யார் வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போக மாட்டேன்.

ஒவீட்


மாவட்டச் சிறை
மார்ச் 20

ஒவீட்,

இறால் நாறிவிடும் என்று எழுதியிருக்கிறாய். நான் இங்கே என்ன மணக்கிறேனா?

ஐந்து பேர் ஏன் ஒப்புக்கொண்டார்கள் என்று கேட்கிறாய். நான் சொல்கிறேன். என் அறையில் இருந்தவன் அதில் மூன்றாவது ஆள். "நீ செய்யலன்னு சொன்னியேடா" என்று கேட்டேன். "செய்யலதான். ஆனா இன்னைக்கே வீட்டுக்கு விடுறேங்குறாங்க. செய்யலன்னு நிரூபிக்க இன்னும் ஆறு மாசம் உள்ள கிடக்கணும். நீயே கணக்குப் போடு மாமா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கட்டிலில் இப்போது குறட்டைக்காரன் ஒருவன்.

எனக்கும் ஒரு பேரம் வந்திருக்கிறது. ஒப்புக்கொண்டால் இரண்டு வருடம், உள்ளே இருந்த நாள் கழிவு. முடியாது என்று சொல்லியனுப்பினேன். சொல்லிவிட்டு, இரண்டு வருடத்தில் எத்தனை நாள் என்று ஒருதரம் எண்ணிப் பார்த்தேன், மறைப்பானேன்.

ஜூரிக்கு வந்தவர்களை வீணாக்கிவிட்டார்கள் என்று நீதிபதிக்குக் கோபம். ஜூனிலிருந்து புதுச் சட்டம். பட்டியல் வாசிக்கிற திங்கட்கிழமை காலை பத்து மணி வரைதான் பேரம். அதற்குப் பிறகு கதவு மூடியாயிற்று. விசாரணைக்கு நில், இல்லையென்றால் போட்ட குற்றத்தை முழுதாக ஒப்புக்கொள்.

உன்னைக் குறை சொல்லவில்லை என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

கிளோவிஸ்


மிஸ் ஹேவுட் அலுவலகம், லாக்ரோ
ஏப்ரல் 28

தம்பி கிளோவிஸுக்கு,

இதை மிஸ் ஹேவுட் தன் கையாலேயே எழுதி, தன் கூடையில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். வக்கீல் கொண்டுவரும் காகிதத்தைச் சிறையில் பிரிக்கக் கூடாதாம். அதனால் தம்பி என்று சொல்கிறேன். கடைக் கடிதத்தில் இனிமேலும் சொல்ல மாட்டேன். காரணம் கேள்.

உன் கடிதத்தைக் கேட்ட பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தக் குழாயைத் திறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சிறைக்கு வந்து உன்னைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சாட்சிக்கு ஏதாவது குறுக்கே நிற்குமா என்று கேட்கத்தான் இங்கே வந்தேன். இந்தப் பெண் பதறிப்போய்விட்டாள்.

"ஐயோ பெரியவரே, அதை மட்டும் செஞ்சிராதீங்க! அண்ணன் தம்பிக்காக சொல்றான்னுதான் ஜூரி நினைக்கும். நீங்க ரெண்டு பேரும் எத்தனை வருஷமாப் பேசுறதில்லன்னு ஊருக்கே தெரியும். பிடிக்காத அண்ணன் வந்து சொன்னாத்தான் எடுபடும். அரசு வக்கீல் உங்க லெட்டரை எல்லாம் படிச்சுட்டு எரிச்சல்ல இருக்காரு, அதுல ஒரு நல்ல வார்த்தை கூட இல்லையாம்."

"அப்போ பொய்யாச் சண்டை போடச் சொல்றியாம்மா?" என்றேன்.

"புதுசா ஒண்ணும் வேணாம். இருக்கிறதைத் தொடாதீங்க. ஜூன் வரைக்கும்."

ஆக, வக்கீல் உத்தரவுப்படி ஜூன் வரைக்கும் நான் உன் எதிரி. குழாய் அடைத்தபடியே கிடக்கும். அடைத்தது சரி என்று இன்றைக்கும் சொல்வேன், அது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். செய்யாததைச் செய்தேன் என்று சொல்லிவிடாதே. நீ அங்கே உள்ளே கிடக்கிறாய், வெளியே கிடக்கிற நான் சொல்வது சுலபம், தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். நான் சொல்ல வேண்டியதைத் தினமும் கூடு எடுக்கும்போது ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு சொல் கூடவோ குறையவோ இல்லை.

உன் அண்ணன் ஒவீட்


மாவட்டச் சிறை
மே 11

ஒவீட்டுக்கு,

உன் திமிர் பிடித்த சொல் வந்து சேர்ந்தது. குழாயை அடைத்த கிழட்டு ஆமையோடு எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஜூன் எட்டு, திங்கள். இந்த முறை நான் இரண்டாவது. வந்தால் வா, வராவிட்டால் போ.

இதைப் படிக்கிற காவலருக்கும் வணக்கம். கொசுவுக்கு ஏதாவது செய்யுங்கள் ஐயா.

கிளோவிஸ்


அசேலி வீடு, லேக் சார்ல்ஸ்
ஜூன் 10

அண்ணா,

அக்கா வீட்டில் இருக்கிறேன். வெளியே வந்துவிட்டேன். எப்படி வந்தேன் என்பது இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். அதையும் என் வாயால் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை பின்பக்கப் படி வழியாகக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். முதல் நம்பர் ஒரு கொலை வழக்கு. அவர்கள் ஒப்புக்கொள்வார்கள் என்று எல்லாரும் நினைத்திருக்க, அந்த வக்கீல் எழுந்து "தயார்" என்றார். அரசு வக்கீலும் "தயார்" என்றார். மிஸ் ஹேவுட் முகம் வெளுத்துவிட்டது. என் பக்கம் குனிந்து, "இது ரெண்டு வாரத்தையும் தின்னுரும் கிளோவிஸ். நம்ம கேஸ் செப்டம்பர்தான்" என்றாள். எங்கள் வழக்கை முதலில் எடுக்கச் சொல்லிக் கேட்டாள். நீதிபதி முடியாது என்று தலையாட்டிவிட்டார். ஜாமீனைக் குறைக்கச் சொல்லிக் கேட்டாள். எழுத்தில் கொடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்.

அப்போது அரசு வக்கீல் நடந்து வந்தார். ஒப்புக்கொண்டால் இதுவரை உள்ளே இருந்ததே போதும், இன்றைக்கே விட்டுவிடுகிறோம் என்றார். நீ வராந்தாவில் உட்கார்ந்திருப்பதை அவரும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அதனால்தான் இவ்வளவு இறங்கினார். மிஸ் ஹேவுட், "நீங்க சொல்றதுதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா ஜெயிக்கிற கேஸ் இது" என்றாள். சுவரில் கடிகாரம் ஒன்பதே முக்கால்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அதன் வழியாக உன் தோளும் பாதி முகமும் தெரிந்தன. வாய் அசைந்துகொண்டிருந்தது. சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாய். உனக்கு எழுபத்து மூன்று வயது, செப்டம்பர் வரைக்கும் உன்னை அலைய விடக் கூடாது, அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசை. பொய். "இன்றைக்கே" என்ற சொல் காதில் விழுந்தது, அதற்குப் பிறகு வேறு எதுவும் விழவில்லை.

நீதிபதி நிதானமாகத்தான் கேட்டார். "யாரும் உங்களை வற்புறுத்தலியே?" இல்லை ஐயா. "விசாரணை கேக்கிற உரிமையை விட்டுக்கொடுக்கிறீங்கன்னு புரியுதா?" புரிகிறது ஐயா. "நீங்கதான் தீ வெச்சீங்களா?" ஆமாம் ஐயா.

ஆமாம் ஐயா என்றேன், அண்ணா. குரல் நடுங்கக்கூட இல்லை.

சிறைக்குக் கொண்டுபோய் என் பெல்ட்டையும் கத்தியையும் கொடுத்து, பின்வாசல் வழியாக விட்டார்கள். சுற்றி முன்வாசலுக்கு வந்து உன்னைப் பார்த்திருக்கலாம். கால் பஸ் நிலையத்துக்குப் போனது. துப்பாக்கி இனித் தொடக் கூடாதாம், வாத்து வேட்டை போயிற்று. ஓட்டுப் போட முடியாதாம். பரவாயில்லை என்று நினைத்தேன். ஆனால் இங்கே நடக்க இடம் இருக்கிறது, நடந்துகொண்டேதான் இருக்கிறேன், நிற்க முடியவில்லை.

கிளோவிஸ்


பாயு ஓடைக் கரை
ஜூன் 15

தம்பிக்கு,

லூசில் இதை எழுதும்போது இரண்டு தடவை மூக்கைச் சிந்தினாள். மூன்றாம் தடவை சிந்தினால் கஸ்தோனைக் கூப்பிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் தெரியுமா? பெஞ்சில்தான். மிஸ் ஹேவுட் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை என்னைத் தாண்டி ஓடினாள். "இதோ வரேன் பெரியவரே" என்றாள், வரவில்லை. அவளைக் குறை சொல்லாதே, மறுநாள் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து இந்தக் கடையில் உட்கார்ந்து அழுதாள். காவலர், "வீட்டுக்குப் போங்க" என்றார். "போன தடவையும் நீங்கதானே சொன்னீங்க, போக மாட்டேன்" என்றேன். மத்தியானம் ஜூரிக்காரர்கள் சாப்பிடப் போனார்கள், திரும்பி வந்தார்கள். நான் மூத்திரத்துக்குக்கூட எழுந்திருக்கவில்லை, அந்த நேரத்தில் கூப்பிட்டுவிட்டால்? சாயங்காலம் தரை துடைக்கிறவர் வந்து காலைத் தூக்கச் சொன்னார். யாருக்காக என்று கேட்டார். கிளோவிஸ் தெரியோ என்று பேரைச் சொன்னேன்.

"தெரியோ கேஸா? அது காலையிலேயே முடிஞ்சு போச்சே. அந்த ஆளு ஒத்துக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாரே."

துடைத்த இடம் காயும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு பதிவு ஜன்னலுக்குப் போய், "நான் சொல்ல வேண்டியதை எழுதிக்கோங்கம்மா" என்றேன். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். "ஐயா, வழக்கே முடிஞ்சுடுச்சு. எதுல எழுதுறது?" என்றாள்.

உன் மேல் கோபம் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. நீ உள்ளே பட்டது எனக்குத் தெரியாது என்பதும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தின்றுகொண்டிருக்கின்றன.

ஜூரிக்காக நான் வைத்திருந்த மிச்சத்தைக் கேள். உன் வக்கீலுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

புகை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கிளம்பியது. முதலில் நீதான் பார்த்தாய். "யாரோ வைக்கோல் கொளுத்துறான்" என்றாய். "வைக்கோல் புகை வெள்ளையா இருக்கும், இது தார் புகை" என்றேன். "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசாத" என்றாய். மறுபடி அந்தப் புகையைப் பார்த்தாய். உன் முகம் மாறியது. "அண்ணா, அது ஹார்ப்பர் கொட்டகை. அவன் பொண்ணு ஸ்கூல் விட்டு வந்து அங்கதான் உக்காந்து படிக்கும்" என்றாய். அண்ணா என்றாய். உனக்கே தெரிந்திருக்காது. பிய்ந்த பூட்ஸோடு வண்டிக்கு ஓடினாய், ஒரு பூட்ஸ் சேற்றில் கழன்று விழுந்தது, எடுக்காமல் போனாய். அந்தப் பெண் அன்றைக்குச் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டது என்று உனக்குத் தெரியாது. எரிகிற இடத்தில் உன்னைப் பார்த்தவர்கள் யாரும் நீ ஒற்றைக் காலில் பூட்ஸோடு எதற்கு வந்தாய் என்று யோசிக்கவில்லை. நீயும் சொல்லவில்லை. உன்னைத் திட்டினவன் மகளுக்காக ஓடினேன் என்று சொல்ல உனக்கு வெட்கம். வெட்கப்பட்டு என்ன கிடைத்தது, பார்த்தாயா?

நீ செய்யவில்லை என்று நேரில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருந்தோம். அதில் ஒருவன் நீதிபதி முன்னால் நின்று, செய்தேன் என்று சொல்லிவிட்டான். மிச்சம் நான் ஒருவன். எனக்கும் வயதாகிறது.

அதனால் ஊருக்கு வா. லேக் சார்ல்ஸில் நீ நடந்துகொண்டே இருந்தது போதும். சனிக்கிழமை காலை லூசில் கடையில் எல்லாரும் காபிக்கு வருவார்கள், ஹார்ப்பரும் வருவான், கஸ்தோன் போய்ச் சொல்லிவிட்டான். நான் எழுந்து நின்று முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொல்லப்போகிறேன். இங்கே யாரும் என்னை வெளியே உட்காரச் சொல்ல முடியாது. நீ பக்கத்தில் நிற்க வேண்டும். நான் சொல்லி முடித்ததும் எவனாவது உன்னைப் பார்த்து, "நீயா வெச்ச?" என்று கேட்பான்.

இந்தத் தடவை அவசரப்படாமல் பதில் சொல்.

உன் அண்ணன் ஒவீட்